திசைச்சொல்லின் திசை: சென்னைத் துறைமுகப் பகுதியும் மறைந்ததொரு மொழியும்

1. பொருள் வரையறை

வடசென்னைக் காசிமேட்டு மீன்துறையில் விடியுமுன் தொடங்கும் விற்பனைக்கு ‘ஏலம்’ என்று பெயர். ஏலம் கூறுவோரும் ஏலம் எடுப்போரும் அதனைத் தம் தாய்மொழிச் சொல்லாகவே கொண்டு வழங்குகின்றனர். அவர்கள் கொள்வதில் தவறில்லை. பல தலைமுறையாகத் தமிழர் நாவில் பயின்று, தமிழ் ஒலிக்கு இணங்கி, தமிழ் உருபுகளை ஏற்று நிற்கும் சொல்லைத் தமிழ்ச்சொல் என்பதில் தடை யாது? ஆயின், அகராதியைப் புரட்டுவார் அச்சொல்லின் பக்கத்தில் ‘போர்ச்சுகீசியம்’ என்னும் குறியைக் காண்பர். சாவி, சன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், பொத்தான், துவாலை, மேஸ்திரி, ஆயா என்னும் சொற்களுக்கும் அக்குறியே இடப்பட்டுள்ளது. அக்குறி எவ்வளவு கூறுகிறது, எதனைக் கூறாது விடுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் நிறுவ விரும்புவது இது. மேற்கூறிய சொற்களுட் பெரும்பாலனவற்றைத் தமிழர்க்குத் தந்தோர் லிசுபன் நகரத்தார் அல்லர். இக்கடற்கரையிலேயே பிறந்து, இக்கரையிலேயே வாழ்ந்து, தமிழரோடு அடுத்தடுத்த தெருக்களிற் குடியிருந்த மக்களே அவற்றைத் தந்தனர். அவர்கள் பேசியது போர்ச்சுகீசியச் சொற்களைக் கொண்டு கீழைநாட்டு மண்ணில் உருவான வேறொரு மொழி. இத்தகைய மொழியை மொழியியலார் ‘கிரியோல்’ என்பர். ஈண்டு அதனைக் ‘கரைப்போர்ச்சுகீசியம்’ என்று குறிப்போம். அம்மொழி சென்னையில் அறவே மறைந்துவிட்டது. பிற இடங்களிலும் மறைந்து வருகிறது. சொற்களைப் பதிந்துகொண்ட நம் அகராதியியல், அவற்றைச் சொன்னவரைப் பதியாது விட்டது. இக்குறை வரலாற்றளவில் மட்டும் நிற்பதன்று. அம்மொழியின் எஞ்சிய பேச்சாளர் இன்றும் தமிழரின் அண்டைவீட்டாராகவே வாழ்கின்றனர் என்பதை இறுதிப் பகுதியிற் காட்டுவோம்.

2. தொல்காப்பியர் காட்டிய அளவுகோல்

சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார் தொல்காப்பியர். இவற்றுள் வடசொல்லை மொழி நோக்கியும் திசைச்சொல்லை நிலம் நோக்கியும் அவர் பெயரிட்டது கருதத்தக்கது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலத்தாரும் தத்தம் குறிப்பில் வழங்குவன திசைச்சொல் என்பது அவர் கருத்து. பின்வந்த நன்னூலார் பிற மொழி நிலங்களையும் அதனுள் அடக்கினார். அதன் உரையாளர் சிங்களம், சாவகம், சீனம் முதலிய நாடுகளை எண்ணிக் காட்டினர். இவர்கள் அனைவர்க்கும் பொதுவான நோக்கு ஒன்றுண்டு. ஒரு சொல் எந்நிலத்து மக்கள் வாயிலிருந்து வந்தது என்பதே அவர்கள் கேட்ட வினா.

இக்கால அகராதிகள் கேட்கும் வினா வேறு. ஒரு சொல்லின் முன்னை வடிவம் எந்த எழுத்துமொழியிற் காணப்படுகிறது என்பதே அவற்றின் வினா. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் முடிந்த பிற்சேர்க்கையாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்வகையில் அரும்பணி ஆற்றியது. மூலமொழியைக் குறித்துக் காட்டும் முறையை அது உறுதியாகக் கைக்கொண்டிராவிடின் பிற்கால ஆராய்ச்சிக்கு வழியே இராது. அதன் பெருமையை யாம் குறைத்துக் கூறவில்லை. எனினும், ‘போர்ச்சுகீசியம்’ என்னும் ஒரு சொற்குறி சொல்லின் பிறந்தகத்தை மட்டுமே காட்டுகிறது. அது வந்த வழியையும் வழியில் அதனைச் சுமந்த மக்களையும் அது காட்டவில்லை. தொல்காப்பியர் வினாவை மீண்டும் எழுப்பினால், ‘ஏலம்’ என்னும் திசைச்சொல்லின் திசை எது? மேற்கே ஐரோப்பாவா? அன்றிப் பழவேற்காடும் நாகப்பட்டினமும் சாந்தோமும் சென்னையின் கருப்பர் நகரமுமா?

3. சென்னையில் வழங்கிய மொழி

போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பழவேற்காட்டிலும் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமிலும் குடியேறினர். அவர்களுக்கும் இந்நாட்டு மகளிர்க்கும் பிறந்த மக்களும், அவர்தம் ஏவலரும், கிறித்தவம் தழுவிய இந்நாட்டாரும் ஒருங்கு வாழ்ந்த குடியிருப்புகளிற் கரைப்போர்ச்சுகீசியம் உருவாயிற்று. பின்னர் அரசியல் மாறியது. டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை அமைத்தனர். 1658இல் நாகப்பட்டினத்தையும் கைக்கொண்டனர். 1662இல் சாந்தோமும் போர்ச்சுகீசியர் கையினின்றும் நீங்கிற்று. அரசு போயிற்று, மொழி போகவில்லை. ஆட்சியை இழந்த பின்னரே அம்மொழி கடற்கரை முழுதுக்கும் பொதுமொழியாயிற்று என்பது வியப்புக்குரியது.

சென்னையிற் கோட்டை எழுந்தது 1639ஆம் ஆண்டின் உடன்படிக்கையை ஒட்டியாகும். ஆங்கிலேயர் அழைப்பை ஏற்றுச் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியரும் கலப்பினத்தாரும் இங்கு வந்து குடியேறினர். 1698ஆம் ஆண்டின் கம்பெனிப் பட்டயம், இந்நாட்டுக்கு அனுப்பப்படும் குருமார் வந்து ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. ஆங்கிலேயர் கோட்டையில் ஆங்கிலேயக் குருமார் கற்க வேண்டிய மொழியாக அது குறிக்கப்பட்டதன் காரணம் வெளிப்படை. அவர்தம் ஏவலரும், அவர்களுட் பலருடைய மனைவியரும், அவர்கள் கட்டளையிட வேண்டிய பிறரும் அதனையே அறிந்திருந்தனர். 1727இல் தம் நூலை வெளியிட்ட அலெக்சாந்தர் ஆமில்டன் என்னும் கப்பலோட்டி, இக்கடற்கரைகளிற் போர்ச்சுகீசியம் சிதைந்த வடிவில் நிலைத்திருப்பதையும், ஐரோப்பியர் பலர் தமக்குள்ளும் இந்நாட்டாரோடும் உரையாடுதற்கு முதலிற் கற்கும் மொழி அதுவே என்பதையும் குறித்துள்ளார். 1728இல் சென்னையிற் பணி தொடங்கிய செருமானியக் குரு பெஞ்சமின் சூல்சு, தமிழோடும் தெலுங்கோடும் போர்ச்சுகீசியத்தையும் தம் பணிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டார்.

இம்மொழி எவ்விடத்திற் பேசப்பட்டது என்று எண்ணும்போது துறையின் அமைப்பை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். செயற்கைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பெறும் வரை சென்னையில் கப்பல்கள் கரை அணுகியதில்லை. அவை திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். படகோட்டி, சுமையாள், பீப்பாய் கட்டுவோன், தச்சன், சமையற்காரன், துபாசி என்போர் ஒருவரோடொருவர் ஓயாது பேச வேண்டிய இடம் அது. இராயபுரம் இப்படகு மக்களின் குடியிருப்பாக வளர்ந்தது. அவ்வூர்ப் பெயர் இராயப்பர், அதாவது புனித பேதுரு, பெயரால் வந்தது என்பர். ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச்சொல் ஐரோப்பிய மொழிகளுட் புகுந்ததும் இக்கடற்கரை வழக்கிலிருந்தே. சொற்கள் ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அவ்விடத்தைக் கைப்பற்றியது. கலப்பினத்தார் ஆங்கிலத்துக்கு மாறினர். துறைத் தொழிலாளரிடம் தமிழும் தெலுங்கும் நின்றன. 1856இல் இராயபுரத்திலிருந்து முதற் புகைவண்டி புறப்பட்ட காலத்தில், அவ்வண்டியின் சொற்கள் யாவும் ஆங்கிலமாகவே வந்தன. ஒரு மொழி அழிந்ததென்று எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அதனை ஒரு மொழி என்று எவரும் கருதாமையே அதற்குக் காரணம்.

4. சொற்கள் கூறும் சான்று

இனிச் சொற்களையே சான்றாக அழைப்போம்.

‘ஏலம்’ என்பதற்கு மூலமாகக் காட்டப்படுவது ‘லெயிலாவ்ம்’ என்பது போல மூக்கொலியோடு முடியும் போர்ச்சுகீசியச் சொல். அதுவும் அரபு மொழியினின்று போர்ச்சுகீசியர் பெற்றதே. இச்சொல் மலையாளத்தில் ‘லேலம்’ என நிற்கிறது. தமிழில் ‘ஏலம்’ ஆகிறது. தெலுங்கில் ‘வேலம்’ எனவும் இந்தியில் ‘நீலாம்’ எனவும் வழங்குகிறது. மூலம் ஒன்று, குறி ஒன்று, வடிவம் நான்கு. தமிழில் லகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. ஆயின் அவ்விதிக்கு இணங்க எழுதப்படும் பிறமொழிச் சொற்கள் ‘இலாபம்’, ‘இலட்சம்’ என இகரத்தை முன்னே பெறும். எழுத்தறிந்தோர் வழியாக இச்சொல் வந்திருப்பின் ‘இலேலம்’ என நின்றிருக்கும். அவ்வாறு நில்லாமல் முதல் லகரத்தையே இழந்து நிற்பது, இரண்டு லகரம் அடுத்துவரும் சொல்லில் ஒன்றை நா நழுவவிடும் பேச்சியல்பால் விளைந்தது எனலாம். இந்தியில் அம்முதல் லகரம் நகரமாகத் திரிந்ததும் இவ்வியல்பினதே. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வகையாக, காதாற் கேட்டு வாயாற் சொன்ன மக்கள் இச்சொல்லை ஏற்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

‘அலமாரி’ மற்றொரு சான்று. ‘அர்மாரியோ’ என்னும் இன்றைய செம்மை வடிவையே இதற்கு மூலமாகக் காட்டுவோர் உளர். அவ்வாறாயின் நம் சொல்லில் ரகரத்துக்கு மாறாக லகரம் வந்தது எங்ஙனம்? ‘அல்மாரியோ’ என்னும் பழைய மக்கள் வழக்கு போர்ச்சுகீசியத்தில் இருந்தது. தமிழ், மலையாளம், இந்தி ஆகியவை ஒருங்கே லகரத்தைக் காட்டுவதால், கடற்கரையில் வழங்கியது அம்மக்கள் வடிவே என்பது தெளிவு. மூலச்சொல்லை எழுத்து நூலில் தேடுவார்க்கு இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு.

‘சாவி’ என்பதும் அத்தகையதே. இன்றைய லிசுபன் பேச்சில் அச்சொல்லின் முதலொலி ‘ஷ’ ஆகும். இந்தியில் அது தெளிவான வல்லொலியோடு ‘ச்சாபி’ என ஒலிக்கிறது. அப்பழைய வல்லொலியைப் போர்ச்சுகீசியத் தலைநகர் பின்னர்க் கைவிட்டது; கீழைக்கரை கைவிடவில்லை. தமிழ்ச் சகரம் இரண்டொலிக்கும் இடந்தருவதாதலின், இச்சொல்லின் வரலாற்றைத் தமிழை மட்டும் நோக்கி முடிவு கட்டல் இயலாது. அண்டை மொழிகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

ஒலியினும் வலிய சான்று பொருட்புலம். அரசிறை, நிலவரி, வழக்குமன்றம் பற்றிய சொற்களை நாம் பாரசீக அரபு வழியிலும் ஆங்கில வழியிலும் பெற்றோம். கரைப்போர்ச்சுகீசியம் தந்தவை வீட்டுக்குள் இருப்பவை: சன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை, கோப்பை. உடலில் அணிவது பொத்தான். குழந்தையை ஏந்துபவள் ஆயா. வேலையாட்களை மேற்பார்ப்பவன் மேஸ்திரி. சரக்கு வருவது பீப்பாயில். சரக்கு விற்பது ஏலத்தில். இவை ஆள்வோன் ஆளப்படுவோனுக்கு விதித்த சொற்கள் அல்ல. ஒருவர் வீட்டில் மற்றொருவர் வேலை செய்தபோதும், ஒரே சுமையை இருவர் தூக்கியபோதும் கைமாறிய சொற்கள். இவற்றுள் ஏறத்தாழ யாவும் பெயர்ச்சொற்களே. துணியைத் தேய்த்தலைக் குறிக்கும் ‘இஸ்திரி’ போன்ற ஒன்றும், ‘போடு’ என்னும் தமிழ் வினையைத் துணைக்கொண்டே நடக்கிறது.

இங்கு ஒரு தடை எழலாம். முத்துக்குளித்துறையில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியக் குருமார் தமிழரோடு நேரே பழகினர். அவர்களே இச்சொற்களைத் தந்திருத்தல் கூடாதா என்பது அத்தடை. தடை நேர்மையானதே. குருமார் வழிவந்த சொற்களும் உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை ஆக்கிய அண்டிரிக்கு அடிகளார் காலத்தில், ‘குருசு’, ‘இஸ்பிரீத்து சாந்து’ போன்ற சமயச் சொற்கள் போர்ச்சுகீசியமாகவே தமிழில் எழுதப்பட்டன. ஆயின் அவற்றின் பின்வரலாறு எம் கருத்துக்கே அரணாகிறது. ‘இஸ்பிரீத்து சாந்து’ பிற்காலத்தில் ‘பரிசுத்த ஆவி’ ஆயிற்று. ‘குருசு’ ‘சிலுவை’க்குப் பெரும்பாலும் இடந்தந்தது. குருமார் தாம் எழுதிப் புகுத்தியதைத் தாமே எழுதி மாற்றினர். ஏட்டின் வழி வந்த சொல் ஏட்டின் வழியே நீங்கிற்று. ஆயாவும் சாவியும் சன்னலும் எவர் ஆணையாலும் வரவில்லை. எவர் ஆணையாலும் நீங்கவுமில்லை. ஆகலின், இவ்விருவகைச் சொற்களையும் ஒரே குறியால் ‘போர்ச்சுகீசியம்’ என்பது, வேறு வேறு வாயில் வழியாக வந்தோரை ஒரே பட்டியலில் எழுதுவது போலாகும்.

5. ‘சிதைவு’ என்னும் சொல்லின் தீமை

கரைப்போர்ச்சுகீசியத்தை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் ஆசுத்திரிய நாட்டுக் கிராசு நகரப் பேராசிரியர் ஊகோ சூகார்ட். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்லர். அஞ்சல் வழியாகச் சான்று திரட்டி, 1880களில் கொச்சி, மாகி, கண்ணனூர், மங்களூர், தியூ ஆகிய இடங்களின் வழக்குகளைப் பற்றி எழுதினார். அவரையடுத்துக் கோவாவைச் சேர்ந்த குருவும் வடமொழி அறிஞருமான செபசுத்தியான் உரொதோல்போ தால்காதோ, 1900இல் இலங்கை வழக்கையும் 1917இல் நாகப்பட்டின வழக்கையும் ஆராய்ந்தார். ஆசிய மொழிகளிற் போர்ச்சுகீசியச் சொற்கள் பெற்ற செல்வாக்கைப் பற்றி 1913இல் அவர் வெளியிட்ட நூல், 1936இல் பரோடாவில் ஆங்கில வடிவிலும் வந்தது. தமிழ்க் கடன்சொற்களைப் பற்றி இன்று எழுதுவோர் பலர் பயன்கொள்ளும் பட்டியல், நேராகவோ மறைவாகவோ, அவருடையதே.

தால்காதோவின் உழைப்பை எத்துணைப் பாராட்டினும் தகும். ஆயினும் அவர் நூலின் அமைப்பில் ஒரு குறை உண்டு. போர்ச்சுகீசியச் சொல்லைத் தலைச்சொல்லாக வைத்து, அதன் கீழ் ஆசிய மொழி வடிவங்களை வரிசையாகத் தருகிறார். இவ்வமைப்பில் ஐரோப்பிய மொழி தாயாகவும் ஏனைய அனைத்தும் அதன் கிளைகளாகவும் தோன்றும். கரை வழக்குகளைத் தனியே ஆராய்ந்த அவரே, சொற்களின் செலவில் அவ்வழக்குகள் வகித்த நடுநிலையைப் பட்டியலிற் காட்டாது விட்டார். அவரைப் பின்பற்றி நம் மாணவர் எழுதும் கடன்சொற் கட்டுரைகளோ, அவர் அறிந்திருந்ததையும் விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. எண்ணிக்கை கூடுகிறது, அறிவு கூடுவதில்லை.

இக்குறையின் வேர், இம்மொழியைச் ‘சிதைந்த போர்ச்சுகீசியம்’ என்று கருதிய பழைய மனப்பான்மையில் உள்ளது. சிதைந்ததற்கென ஓர் இலக்கணம் இராது என்று எண்ணினர். எனவே அதனை ஆராயவில்லை. இதே மனப்பான்மை இன்று வடசென்னையின் தமிழ் மேலும் பாய்வதை நாம் காண்கிறோம். இராயபுரத்தார் பேச்சைக் கொச்சை என்றும் ‘மெட்ராஸ் பாஷை’ என்றும் நகையாடுவது கற்றவரிடையேயும் வழக்கமாகியுள்ளது. காசு எனப் பொருள்படும் ‘துட்டு’ என்பது டச்சு நாணயப் பெயரின் வழிவந்தது என்பதை அகராதி கூறும். பழவேற்காட்டின் வணிக வரலாற்றை நினைவூட்டும் சொல் அது. நகைப்புக்குரியதாகக் கருதப்படும் பேச்சே வரலாற்றை நெடுங்காலம் காத்துவைக்கிறது. ஒரு மொழியைச் ‘சிதைவு’ என்று அழைத்தல் அதனை ஆராய வேண்டா என்று தீர்ப்பளிப்பதாகும். ஆராயாது விட்ட மொழி அழியும்போது, அழிந்தது யாது என்பதும் நமக்குத் தெரியாது போகிறது.

6. எஞ்சிய ஊர்களும் தமிழிலக்கணமும்

சென்னையில் மறைந்த இம்மொழிக்கு உறவான வழக்குகள் வேறு சில இடங்களில் எஞ்சின. மராட்டிய நாட்டில் சவுல் கோட்டைக்கு எதிரே உள்ள கொர்லை என்னும் ஒற்றைச் சிற்றூரில் அது இன்றும் வீட்டுமொழி. தாமனிலும் தியூவிலும் பேசுவோர் உளர். கொச்சியை அடுத்த வைப்பின் தீவில் அதனைத் தடையின்றிப் பேசிய இறுதி மனிதர் 2010ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மறைந்தார். அவரோடு கொச்சி வழக்கும் மறைந்தது.

தமிழாராய்ச்சியாளர்க்கு மிக நெருக்கமானது ஈழத்தின் கிழக்குக் கரை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் சமூகத்தாருட் சிலர் இம்மொழியை இன்றும் பேசுகின்றனர். தமிழர் நடுவே தமிழும் அறிந்து வாழ்பவர்கள் அவர்கள். அவ்வழக்கை ஆராய்ந்த இயன் சுமித்து என்னும் மொழியியலறிஞர், அதன் சொற்கள் போர்ச்சுகீசியமாயினும் தொடரமைப்பு பெரிதும் தமிழை ஒத்தது என்று விளக்கிக் காட்டினார். போர்ச்சுகீசியத்தில் வினை இடையில் நிற்கும். மட்டக்களப்பு வழக்கிலோ தமிழிற் போல வினை இறுதியில் நிற்கும். போர்ச்சுகீசியத்திற் பெயருக்கு முன் வரும் ‘பர’ என்னும் இடைச்சொல் இங்குக் குறுகி, பெயருக்குப் பின் ஒட்டி, நம் நான்காம் வேற்றுமை உருபு செய்யும் தொழிலைச் செய்கிறது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று தமிழர் கூறுவது போலவே, பசிப்பவனை எழுவாயாக்காமல் நான்காம் வேற்றுமையில் நிறுத்திக் கூறும் முறையும் அங்கு உண்டு. ஆயினும் அது தமிழின் நிழலன்று. இறந்தகாலத்துக்கு ‘ஜா’, நிகழ்காலத்துக்கு ‘த’, எதிர்காலத்துக்கு ‘லோ’ எனக் காலங்காட்டும் சொற்களை வினைக்கு முன்னே வைப்பது அதன் தனி இயல்பு. தமிழ் வினையில் காலங்காட்டும் இடைநிலை பகுதிக்குப் பின்னரே வரும் என்பதை ஒப்பிடுக.

இதன் பொருள் யாது? நாம் சொற்களைக் கடன் பெற்றோம் என்று கணக்கெழுதிய மொழி, நம்மிடமிருந்து தொடரிலக்கணத்தையே பெற்றிருக்கிறது. கடன் இருபுறத்தும் உண்டு. ஒருபுறத்தை மட்டும் எழுதிய கணக்கு முழுக் கணக்கன்று.

ஈழத்தமிழின் சொல்வளமும் இதனை வலியுறுத்தும். நாற்காலியைக் கதிரை என்றும், பெஞ்சினை வாங்கு என்றும், சமையலறையைக் குசினி என்றும், கடப்பாரையை அலவாங்கு என்றும், காலணியைச் சப்பாத்து என்றும் ஈழத்தார் வழங்குவர். யாவும் போர்ச்சுகீசிய மூலமுடையவை. யாழ்ப்பாணத்தைப் போர்ச்சுகீசியர் நேரே ஆண்டது 1619 முதல் 1658 வரை நாற்பது ஆண்டளவே. அக்குறுகிய ஆட்சி மட்டுமே இத்துணைச் சொற்களை ஊன்றியது என்பதைவிட, ஆட்சி நீங்கிய பின்னும் அம்மொழி பேசுவோர் அத்தீவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தமையே அவற்றை நிலைபெறச் செய்தது எனல் பொருத்தமுடையது. சென்னையில் அம்மொழியினர் ஆங்கிலத்துக்கு மாறவே, வாங்கின் இடத்தைப் பெஞ்சு பெற்றது போலும்.

இவ்விடத்து மற்றொரு சிற்றூரையும் கூறாது விடல் ஆகாது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் ஆப்பிரிக்க வழியினர் சில குடும்பத்தார் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் ஐரோப்பியரால் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். தம் ஆப்பிரிக்க மொழிகளை இழந்து அவர்கள் ஏற்றது கரைப்போர்ச்சுகீசியம். இன்று அதனையும் இழந்து சிங்களத்துக்கு மாறியுள்ளனர். பழைய மொழி பெரும்பாலும் ‘மஞ்சா’ என்னும் பாடல்களிலேயே தங்கியுள்ளது. ஒரே வழியினர் இருமுறை மொழியிழந்த வரலாறு இது. முதலில் இழந்த மொழிகளின் பெயர்களைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. இரண்டாவதை எழுதிவைக்கக் காலம் உள்ளது. ஆயின் அது குறுகிய காலம்.

மட்டக்களப்பிலும் நிலை நம்பத்தக்கதாக இல்லை. பலர் ஆசுத்திரேலியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, பறங்கியர் குடியிருந்த டச்சுபார்ப் பகுதியைப் பெரிதும் அழித்தது. இளையோர் வீட்டிலும் தமிழையே பேசுகின்றனர். இங்கு அழியும் மொழியின் இடத்தைப் பெறுவது ஆங்கிலம் மட்டுமன்று. நம் தமிழும் ஆகும். தமிழைப் பிற மொழிகள் நெருக்குவதைப் பற்றி நாம் பேசியதுண்டு. தமிழ் நெருக்கும் சிறுமொழியைப் பற்றிப் பேசுதற்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று.

ஒன்று, அகராதிப் பதிவு திருந்த வேண்டும். ‘போர்ச்சுகீசியம்’ என்பதோடு நில்லாமல், அச்சொல் எக்கரையில், எத்தொழிலாரிடை, எவ்வடிவ வழியாக வந்தது என்பதையும், அண்டை மொழிகளில் அது பெற்ற வடிவத்தையும் குறித்தல் வேண்டும். சான்று இல்லாவிடத்து அண்மை வடிவம் கிடைக்கவில்லை என்று எழுதுவதும் அறிவே.

இரண்டு, வடசென்னையின் தொழில்மொழியை ஆராய வேண்டும். 1983இல் சென்னைத் துறைமுகத்திற் கொள்கலன் முனையம் தொடங்கப்பட்ட பின் சரக்கு ஏற்றி இறக்கும் முறையே மாறிவிட்டது. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகமும் எழுந்தது. கையாற் செய்த தொழிலின் சொற்கள் தொழிலோடு போகின்றன. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அத்தொழிலை அறிந்த முதியோர் இன்னும் உளர். முதுகலை மாணவர் ஒருவர் அவர்களிடம் சென்று, சொல்லை மட்டும் எழுதாமல், யார் யாரிடம் எவ்வேலையில் அதனைக் கூறினர் என்றும் எழுதி வருவாராயின், அது நூற்பட்டியலினின்று தொகுத்த கட்டுரை பலவற்றினும் பயனுடையதாகும்.

மூன்று, மட்டக்களப்பு வழக்கை ஆராய்வதில் தமிழ்த்துறைகள் பங்குகொள்ள வேண்டும். அண்மைக்காலத்தில் லிசுபன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊகோ கார்டோசோ முதலிய அறிஞர் அம்மொழியை ஒலிப்பதிவு செய்து காத்து வருகின்றனர். அவர்கள் பணி போற்றத்தக்கது. ஆயினும் அம்மொழியின் சொல்லை அறிந்தவர் மேற்கே உளர். அதன் தொடரைத் தாய்ப்பாலோடு அறிந்தவர் நாமே. வேற்றுமை மயக்கத்தையும் எச்சத் தொடரையும் பயின்ற தமிழ் மாணவர், அங்கு அயலார் காணாத நுட்பங்களைக் காணக்கூடும்.

காசிமேட்டில் நாளை விடியலிலும் ஏலம் கூறுவர். அச்சொல்லைத் தந்த மக்கள் அங்கு இல்லை. அவர்தம் உறவினர் கடலுக்கு அப்பால் ஒரு தமிழூரில் உளர். அவர்கள் இருக்கும்போதே அவர்களைச் சென்று கேட்பது நம் துறையின் கடன். திசைச்சொல்லுக்குத் திசை கூறிய மரபு நம்முடையது. அம்மரபை மெய்ப்பித்தல் அறிஞர் பொறுப்பாகும்.